சண்டை நேரத்துக்கு வந்த விருந்தாளிகள்

தம்பி ஆட்டிய தலைக்கு அக்கா என்ன பதில் சொல்லப்போகிறாள் என்பதில்தான் போன வாரம் நிறுத்தினோம்.

புதிதாக வந்து உட்காருபவர்களுக்காக ஒரு முறை தொட்டுக்கொள்வோம். அக்கா பல் டாக்டர். சனிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, கிளினிக்கின் காத்திருப்பு அறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். தம்பி பல்கலைக்கழகத்தில் சமூகத் தொடர்பு அலுவலர். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளுடைய வகுப்பைப் பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ப்பதாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பேனர் வந்து இறங்கியபோதுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பல் வெளியே வந்த வேகத்தை அந்த மனிதர் இன்னும் மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா சாவியோடு வந்தபோது கிளினிக் ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே தம்பி, கோட்டும் டையுமாக, நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் வட்டமாக உட்காரும் அறை கல்யாண மண்டபம் மாதிரி வரிசை வரிசையாக மாறியிருந்தது. மீன் தொட்டிக்கு மேல் நீலத் துணி. மீன்கள் அவமானப்பட்டு ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தன.

"தாடை எங்கடா?"

தாடை என்பது அக்காவின் பாடத்தில் பாதி. பல் தேய்க்கும் விதத்தை நோயாளிகளுக்குக் காட்ட வாங்கிய, பூசணிக்காய் அளவுள்ள பிளாஸ்டிக் தாடை. அதற்குள் ஒரு சிவப்புக் காலுறையைத் திணித்து நாக்கு வைத்திருந்தாள். நாக்கு எங்கே மடங்கினால் எந்த ஒலி வரும் என்று அதைக் கொண்டுதான் காட்டுவாள்.

"பாத்ரூம்ல வெச்சிருக்கேன்க்கா."

"பாத்ரூம்லயா?"

"பெரிய மனுஷங்க வர்றாங்க. ஒரு தாடை வாயைப் பொளந்துகிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"நீ வாயைப் பொளந்துகிட்டு நிக்கறியே, அது மட்டும் நல்லா இருக்கா?"

தம்பி வாயை மூடிக்கொண்டான். அக்கா சுவரைப் பார்த்தாள். பேனர் சுவரை முழுசாக விழுங்கியிருந்தது. 'அறிவும் சமூகமும் கைகோக்கும் திருநாள்' என்று மேலே. கீழே, கைகோக்கும் சமூகம் எது என்று சொல்லும் இடத்தில் மட்டும் ஒட்டிப் பிய்க்கிற பட்டை ஒன்று. அதில் 'தமிழ்ச் சமூகம்'. அக்கா ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தாள். பட்டை சரக்கென்று கையோடு வந்தது. அடியில் வேறொரு சமூகத்தின் பெயர், வேறொரு எழுத்தில்.

"போன வாரம் அவங்க கைகோத்தாங்களா?"

"அக்கா, ஒட்டுக்கா அதை. ஒரே பேனரை எல்லாருக்கும் பயன்படுத்தறது சிக்கனம்."

"ஒரே கையை எல்லாருக்கும் குடுக்கறாங்க. கழுவினாங்களான்னு கேளு."

அக்கா பட்டையை ஒட்டிவிட்டு வரவேற்பு மேசைக்குப் போனாள். உள்ளங்கையால் தட்டினால் டிங் என்று அடிக்கிற மேசை மணி அங்கேதான் இருக்கும். இருந்தது. அவள் அதை எடுத்ததும் தம்பியின் முகம் வெளுத்தது.

"மணி மட்டும் இன்னிக்கு வேணாம்க்கா. சண்டை நேரத்தை இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாம்."

சண்டை நேரம் இல்லாமல் இப்போதெல்லாம் அந்த வகுப்பு தொடங்குவதே கிடையாது. வகுப்பு ஆரம்பித்த புதிதில் பிள்ளைகள் வரிசையாக நின்று அழகாக வணக்கம் சொல்லும். திரும்பியதும் ஒருத்தன் இன்னொருத்தன் பென்சிலைப் பிடுங்குவான். அந்தக் கணமே தமிழ் காற்றில் பறந்துவிடும். அடிதடி முழுக்க அவர்கள் பள்ளியில் பேசுகிற வெளி மொழியில். அக்காவுக்கு அன்று ஒன்று உறைத்தது. கோபம் வந்தால் எந்த மொழியில் வாய் திறக்கிறதோ அதுதான் ஒருத்தருடைய மொழி. மிச்சமெல்லாம் மேடைக்குப் போகும்போது போட்டுக்கொள்கிற சட்டை.

அடுத்த வாரமே எதிரும் புதிருமாக இரண்டு ஸ்டூல்களைப் போட்டாள். மணி அடித்ததும் சண்டைக்காரர்கள் வந்து உட்கார வேண்டும். கை நீட்டக் கூடாது. வேறு மொழிக்குத் தாவக் கூடாது, தாவினால் தோல்வி. அந்த வாரத்துச் சண்டையாக இருக்க வேண்டும், பழைய கதையைக் கிளறக் கூடாது. மறுபடி மணி அடிக்கிறவரை எழுந்து போகக் கூடாது. பிள்ளைகளை விட வருகிற பெற்றோருக்கும் இதே சட்டம். இந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போன ஒரு கணவர், அன்றிலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவுகிறார் என்று கேள்வி.

"ஏன் விடணும்?"

"எங்க இயக்குநர் அம்மாவுக்குப் பிடிக்காது."

"அவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறது எப்படித் தெரியும்?"

தம்பிக்கு அந்த நேரம் பார்த்து டை சரியில்லாமல் போய்விட்டது. சரிசெய்யத் தொடங்கினான்.

அக்கா இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள். அதற்குள் தம்பி மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அந்த மகளுக்கு வகுப்பில் ஜட்ஜம்மா என்று பெயர். யாருடைய சண்டையாக இருந்தாலும் விதியை எடுத்துப் பேசுவது அவள்தான். வந்ததும் தாடை இல்லாததைப் பார்த்துவிட்டு, "இது யார் உத்தரவு?" என்றாள்.

தம்பி மனைவி அக்காவின் முழங்கையைத் தொட்டு, பல் பிடுங்குகிற அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, உங்க கால்ல விழுந்து கேக்கறேன்."

"விழாதே. தரை வழுக்கும். நின்னே கேளு."

"இந்த மாசக் கடைசியோட அவருக்கு வேலை முடியுது. வீட்டுல சொல்லாம வெச்சிருந்தார், நேத்துதான் சொன்னார். இந்தக் கூட்டு கையெழுத்தாச்சுன்னா நிரந்தரம்னு அந்த அம்மா வாக்குக் குடுத்திருக்காங்களாம். ஒரே ஒரு நாள் அண்ணி. அவங்க என்ன பேசினாலும் சிரிச்சிட்டு, கையெழுத்தைப் போட்டுடுங்க."

"என்கிட்ட அவன் ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட எதைத்தான் அவரால சொல்ல முடியுது?"

அது சுருக்கென்று தைத்தது. அக்கா நோயாளி நாற்காலியின் கைப்பிடியை அழுத்தித் துடைத்தாள். கண்டவர்களுக்காகத் தன் வகுப்பில் நாற்காலியை நகர்த்தியதற்கே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எதிரே நிற்பவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று கண் சொன்னது.

"சரி. வாயே திறக்க மாட்டேன். பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"சத்தியமா?"

"வர்றவங்ககிட்ட எல்லாம் பல்லைக் கடிக்காதீங்கன்னு சொல்றவ நான். உனக்காகக் கடிக்கறேன். போ."

அக்காவின் வீட்டுக்காரர் இந்தக் காட்சியில் இல்லை. காலையிலேயே அவசர வேலை என்று நழுவிவிட்டார். சண்டை வரும் திசையை மோப்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பெற்றோரும் பிள்ளைகளும் வந்து நிறைந்த பிறகு விருந்தாளிகள் வந்தார்கள். முன்னால் இயக்குநர் அம்மா. ஆசிய மொழிகள், பண்பாடுகள் மற்றும் சமூகப் பிணைப்பு நடுவத்தின் இயக்குநர் என்பது பதவி. முகவரி அட்டையில் அது ஒரு பக்கத்தில் அடங்காமல் மறுபக்கத்துக்கு வழிந்திருந்தது. பின்னால் இரண்டு உதவிப் பேராசிரியர்கள், ஒரு ஒளிப்படக்காரர்.

அம்மாவும் தமிழர்தான். ஆனால் தமிழை மேடையிலேயே வாங்கி மேடையிலேயே செலவழிக்கிறவர். செருப்பைக் கழற்றும்போதுகூட, "பாதணிகளை எவ்விடத்தில் வைத்தல் நலம்?" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பையனின் கன்னத்தைத் தட்டினார். "நலமா, குழந்தாய்?"

பையன் திரும்பிப் பார்த்தான். குழந்தாய் என்று யாரும் பின்னால் இல்லை.

தம்பி எழுதிக்கொடுத்துப் பழக்கிய உரையாடலை இரண்டு பிள்ளைகள் ஒப்பித்தார்கள். "வணக்கம் நண்பா. நலமாக உள்ளாயா?" "ஆம் நண்பா. நான் நலமாக உள்ளேன்." போன வாரம்தான் இந்த இரண்டு பேரும் ஒரு சைக்கிளுக்காக ஸ்டூலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் நார்நாராகக் கிழித்திருந்தார்கள். அப்போது அவர்கள் பேசிய தமிழில் கால்வாசிகூட இந்த உரையாடலில் இல்லை. இயக்குநர் அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். சமூகத்தைக் கேட்பதற்கென்று அவருக்கு ஒரு தனிக் கோணம் இருந்தது. ஒளிப்படக்காரர் அந்தக் கோணத்தைப் பல பக்கங்களிலிருந்து எடுத்தார்.

அக்கா பல்லைக் கடித்தபடியே இருந்தாள்.

பிறகு அம்மா பேச எழுந்தார். "வேர்களைத் தேடி வந்துள்ளோம்" என்றார். அது வாடகைக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. பாலம் என்றார், விழுது என்றார், ஒளி என்றார். பல்லாண்டுகள் தன்னலம் கருதாது உழைத்த இந்தப் பெண்மணியின் சிறுமுயற்சி இனி பேராறாகப் பாயும் என்றார். அக்காவுக்குத் தாடை வலிக்கத் தொடங்கியது.

"அடுத்த மாதம் முதல் இவ்வகுப்பு எமது வளாகத்தில் நிகழும். முறையான பயிற்சி பெற்ற எமது ஆய்வாளர்கள் கற்பிப்பர். இப்பெண்மணி, இனி வகுப்பெடுக்கும் சுமை ஏதுமின்றி, எமது மதிப்புறு சமூகத் தூதராக விளங்குவார். எதிர்மறை உணர்வுகளைத் தூண்டும் சில பழைய நடைமுறைகள், நம் அலுவலரின் தக்க ஆலோசனையின் பேரில், கைவிடப்படும்."

கைதட்டல் எழுந்தது. உதவிப் பேராசிரியர்கள்தான்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் ஒன்றுமில்லை. தெரியாதவன் நிமிர்ந்து பார்த்திருப்பான். இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒப்பந்தத்தை மேசையில் விரித்து, இயக்குநர் அம்மா தன் சொந்தப் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அக்கா எழுந்து மேசைக்குப் போனாள். வலது கையில் பேனாவை வாங்கினாள். இடது கை தானாகவே போய் மணியைத் தட்டியது.

டிங்.

பிள்ளைகளுக்கு விருந்தாளியும் தெரியாது, ஒப்பந்தமும் தெரியாது, மணி தெரியும். கண்மூடித் திறப்பதற்குள் நாற்காலி வரிசை கலைந்து வட்டமானது. யாரோ இரண்டு ஸ்டூல்களைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் போட்டார்கள். அக்கா ஒன்றில் உட்கார்ந்தாள்.

"வாடா."

"அக்கா, இப்ப வேணாம்."

"மணி அடிச்சாச்சுப்பா," என்றாள் ஜட்ஜம்மா. "அடிச்சா உக்காரணும்."

தம்பி உட்கார்ந்தான். கோட்டு முதுகில் மடிந்து தூக்கிக்கொண்டு நின்றது.

"இந்த வாரத்துக் கதைதான். என்னைத் தூக்கி ஓரமா வெக்கப்போறாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஓரமா இல்ல. தூதர்."

"தூதரா! வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கும்பிடற பொம்மைக்கு நீ வெச்ச பேரா அது? எப்பத் தெரியும்னு கேட்டேன்."

"செவ்வாக்கிழமை."

"புதன்கிழமை எங்க வீட்டுல உக்காந்து ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னியே. அப்பவும் தெரியும்."

"சோத்தை ஏன் இழுக்கறே?"

"சோத்தை இழுக்கலடா. திங்கத் தொறந்த வாய் சொல்றதுக்குத் தொறக்கலையேன்னு கேக்கறேன்."

"ஆகா!" என்றது ஒரு குரல். இயக்குநர் அம்மா. தலை பழைய கோணத்துக்குப் போயிருந்தது. உதவிப் பேராசிரியர் பக்கம் குனிந்து, "கவனியுங்கள், எத்துணை இயல்பான உரையாடல்! ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்," என்றார். ஒளிப்படக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இருவரையும் எடுத்தார்.

தம்பிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. "தொறக்க நீ எப்ப விட்டிருக்கே? சொல்லு, எப்ப விட்டிருக்கே? நான் ஒரு வார்த்தை சொன்னா நீ ஒம்பது சொல்வே. எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கும், எல்லாரும் சிரிப்பாங்க. உனக்கென்ன, சொந்தக் கிளினிக், சொந்த நாற்காலி. நான் ஒவ்வொரு வருஷமும் அந்த வாசல்ல நின்னு, அடுத்த வருஷமும் வெச்சிக்குவாங்களான்னு பல்லைக் காட்டறவன்."

"அதுக்கு விக்கறதுக்கு என் வகுப்புதான் கிடைச்சுதா?"

"உன் வகுப்பு, உன் வகுப்பு! இத்தனை பேர் உக்காந்திருக்காங்களே, இவங்களோடது இல்லையா? இவங்க யாரையாவது ஒரு நாள் நீ கேட்டு ஏதாவது செஞ்சிருக்கியா?"

பெற்றோர் சிலர் சட்டென்று மீன் தொட்டியைப் பார்த்தார்கள். துணி மூடியிருந்ததால் அதுவும் உதவவில்லை. அக்காவுக்கு முகம் சுட்டது. அடி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. அதனாலேயே அவள் குரல் இன்னும் ஏறியது.

"சரி, என்னை எடு. நான் திமிர் பிடிச்சவளாவே இருந்துட்டுப் போறேன். சண்டை நேரத்தை எடுக்கச் சொன்னது யாரு? அந்த அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. நீ போய்ச் சொல்லியிருக்கே. ஏன்டா? அது உன்னை என்ன பண்ணிச்சு?"

"என்ன பண்ணிச்சா?" தம்பி எழுந்துவிட்டான். எழுந்த பிறகு விதி ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தான். "இதே ஸ்டூல்ல உக்காந்துதானே என் பொண்ணு என் மானத்தை வாங்கினா? என்ன சொன்னா தெரியுமா? எங்கப்பா தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு 'சரிங்க மேடம், ரொம்ப நன்றிங்க மேடம்'னு பழகறாரு. சிரிக்கவும் பழகறாரு. ஆபீஸ்லயே எல்லாத்தையும் சிரிச்சுத் தீத்துடறாரு, எங்கிட்ட சிரிக்க மிச்சமே இல்லைன்னு சொன்னா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. முதல்ல சிரிச்சது யாரு? நீ."



ஆமாம், அக்கா சிரித்தாள். என்ன அழகாகச் சொன்னாள் பெண் என்று பெருமையில் சிரித்தாள். அன்று தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்பதுதான் ஞாபகம் வந்தது.

"அது போன மாசம்ப்பா." ஜட்ஜம்மாவின் குரல் நடுங்கியது. ஆனாலும் விதியை விடவில்லை. "பழைய கதை. செல்லாது." சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது.

கிளிக் என்றது கேமரா.

இயக்குநர் அம்மா எழுந்து நின்று கைதட்டினார். "மிக அருமை! உணர்ச்சியின் உச்சம்! இத்தகைய நிகழ்த்துகலை இச்சமூகத்தில் உயிர்ப்புடன் இருப்பதை எம்மிடம் மறைத்துவிட்டீர்களே!" தம்பியின் தோளைத் தொட்டார். "துணைவேந்தர் வருகை தரும் நாளில் இதே சண்டையை, ஒரு சொல்லும் பிசகாமல், நீங்கள் மீண்டும் நிகழ்த்த வேண்டும். ஒரே ஒரு திருத்தம். கண்ணீர் வரும் இடத்தில் அச்சிறுமி சற்றே முகத்தை நிமிர்த்தினால் ஒளிப்படத்துக்கு நலம்."

அக்கா தம்பியையே பார்த்தாள். சரிங்க மேடம் என்று அந்த முகம் மலரப்போகிற கணத்துக்காகக் காத்திருந்தாள். அவன் உதடுகூட அந்தச் சிரிப்புக்கு ஒரு நூல் விரிந்துவிட்டது.

பிறகு அது நின்றது.

தம்பி இயக்குநர் அம்மாவின் கையைத் தோளிலிருந்து எடுத்து, அவரிடமே திருப்பிக் கொடுப்பதுபோலக் கீழே விட்டான். பேசினான். தமிழில் இல்லை. அலுவலகத்து மொழியில், கண்ணாடி முன்னால் நின்று பழகிய அதே மொழியில், பழகாத வார்த்தைகளை. என் பெண் அழுததை உங்கள் ஆள் படம் எடுத்திருக்கிறார். அதை என் கண் முன்னால் இப்போது அழிக்கச் சொல்லுங்கள். அழித்ததும் நீங்கள் எல்லோரும் கிளம்பலாம். அவ்வளவுதான் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. நன்றி சொல்லவில்லை.

ஒளிப்படக்காரர் அம்மாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கேமராவைத் திருப்பிக் காட்டி அழித்தார். இயக்குநர் அம்மாவின் தலை முதல்முறையாக நேராக நின்றது.

"இதன் பின்விளைவுகளை நீர் அறிவீர் அல்லவா?"

"தெரியும் மேடம்."

அம்மா ஒப்பந்தத்தை மடித்தார். அக்காவின் கையிலிருந்த தன் பேனாவை மறக்காமல் வாங்கிக்கொண்டார். உதவிப் பேராசிரியர்கள் பேனரைச் சுருட்டினார்கள். அடுத்த சமூகம் காத்திருக்கும் அல்லவா! சுருட்டிய வேகத்தில் 'தமிழ்ச் சமூகம்' மட்டும் பிய்ந்து தரையில் விழுந்து கிடந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

கதவு சாத்தியதும் அந்த 'குழந்தாய்' பையன் துள்ளிக் குதித்தான். "மாமா தோத்துட்டார்! வேற பாஷை பேசிட்டார்! மாமா தோத்துட்டார்!"

"ஆமாடா," என்றான் தம்பி. டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தான். "சுத்தமா தோத்துட்டேன்."

சண்டையை முடிக்க அக்காதான் மணி அடிக்க வேண்டும். அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. தம்பியிடம் சொல்ல ஏதோ ஒன்று தொண்டை வரைக்கும் வந்திருந்தது. இத்தனை வருஷம் பிறர் வாயையே திறக்கச் சொல்லிப் பழகியவளுக்கு அதை வெளியே எடுக்கத் தெரியவில்லை.

டிங்.

மணியை அடித்தது அக்கா இல்லை. தம்பி மனைவி. இவ்வளவு நேரமும் பல் அறைக் கதவில் சாய்ந்து நின்றவள், நேராக நடந்து வந்து, புருஷனை ஒரு கையால் ஸ்டூலிலிருந்து எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தாள். முட்டியோடு முட்டி இடிக்கிற தூரத்தில் அக்கா.

"வாயே திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே அண்ணி. மாசக் கடைசிக்கு என் வீட்டுக்கு நீங்களா பதில் சொல்வீங்க?"

"இல்லம்மா, நான் வந்து..."

"நான் இன்னும் முடிக்கல." அவள் அக்காவிடமிருந்து கண்ணை எடுக்காமல் மகளைக் கேட்டாள். "காலையில குடுத்த வாக்கு. பழைய கதையா இது?"

ஜட்ஜம்மா புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். அத்தையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "செல்லும்."